ஒட்டுப்போர்வைக்கு ஜோடியாகத் தலையணை உறை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, கட்டிலுக்கு ஒரு போர்வை தைத்திருக்கிறேன். அதற்கு ஜோடியாக இரண்டு தலையணை உறை வேண்டும். பகலில் அழகுக்கு வைப்பது என்பதால் நாலு பக்கமும் 2 அங்குல விளிம்பு, பின்னால் ஒன்றின்மேல் ஒன்று படியும் திறப்பு.

தலையணை 17க்கு 27 அங்குலம். தையலுக்கும் சேர்த்து முன்துணி 22க்கு 32, பின்துணி 22க்கு 20 அளவில் இரண்டு. கணக்கு சரிதானே?

பெரிய கவலை நிறம்தான். துவைத்துத் துவைத்து மங்கிய அரக்கு அது; புதுத் துணி எதை வைத்தாலும் தனியாகப் பளீரென்று தெரிகிறது. சேலையில் மிச்சம் இருப்பதோ கைக்குட்டை அகலம். அதை நடுவில் வைத்து, சுற்றிலும் திருச்சூர் மாவட்டத்துக் குத்தாம்புள்ளி ஊரின் கைத்தறி முண்டுத் துணி கொடுத்தால் எடுபடுமா? மங்கிய நிறத்துக்குச் சலவை வெள்ளையைவிட அந்தக் கோரா நிறம்தான் (வெளுக்காத நூலின் நிறம்) சேரும் என்று எனக்குப் படுகிறது. நனைத்துச் சுருங்கவிட்ட பிறகுதான் வெட்டுவேன்.

அப்புறம், உள்ளே மெல்லிய பஞ்சு வைத்து ஓட்டுத்தையல் போட்டால் துணி உள்வாங்குமே, எவ்வளவு கூடுதலாக வெட்டலாம்? செய்து பார்த்த அக்காமார் சொல்லுங்கள். சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் அடங்கிய நிறத்தில் சுங்குடி கிடைக்கும் கடை தெரிந்தாலும் எழுதுங்கள்.