கணக்கியல் வாரியம் வெளியிடும் வரைவு தரநிலைக்குக் கருத்து எழுதியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

குத்தகைக் கணக்கு மாறப்போகிறது, இனி குத்தகையையும் கடனாக இருப்புநிலைக் குறிப்பில் (சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கையில்) ஏற்ற வேண்டும் என்று 2010-இல் முதல் வரைவு வந்தபோது, நான் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கருத்துச் சொல்ல சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் பொதுவாக 120 நாள் தரும். உள்நாட்டு வாரியம் எல்லாருடைய கருத்தையும் தொகுத்து அனுப்ப வேண்டும் என்பதால் நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. அவசரமாக அரைப் பக்கம் எழுதினேன்: ‘செலவு அதிகம், நடைமுறைக்கு ஒத்துவராது.’ படிப்பவர் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

2013-இல் திருத்திய வரைவு வந்தது. இந்த முறை ஒப்பந்தக் கோப்புகளை எல்லாம் எடுத்துவைத்து எண்ணினேன். எண்ணிக்கையில் முக்கால்வாசி லேப்டாப், ஜெராக்ஸ் மெஷின். தொகையில் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே கட்டடம். அதாவது, வேலை ஒரு பக்கம், பணம் இன்னொரு பக்கம். அதை ஒரு அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் எழுதி அனுப்பினேன்.

2016 ஜனவரியில் இறுதித் தரநிலை, ஐஎஃப்ஆர்எஸ் 16, வெளியானது. வரைவில் இல்லாத ஒரு விலக்கு அதில் இருந்தது: சிறு மதிப்புச் சொத்துகளின் குத்தகையை இருப்புநிலைக் குறிப்பில் ஏற்ற வேண்டியதில்லை. புதிதாக வாங்கினால் சுமார் 5,000 டாலர் வரை ஆகும் பொருள்களை மனதில் வைத்ததாகக் காரண விளக்கத்தில் சொல்லியிருந்தார்கள். 2009-இல் வந்த விவாதத் தாள், பிறகு இரண்டு வரைவுகள் என மூன்று சுற்றிலும் சேர்த்து 1,700-க்கு மேல் கடிதங்கள் போயிருக்கின்றன. என் கடிதத்தால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பத்தியைப் படித்தபோது கண் கலங்கியது உண்மை.

*

நான் தணிக்கையாளர். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: வரைவில் எண் போட்டுக் கேள்விகள் இருக்கும், அந்த எண்ணுக்கே பதில் எழுதுங்கள். அப்புறம், ஒத்துக்கொள்ளும் இடத்தையும் எழுதுங்கள். எதிர்ப்பு மட்டும் போய்ச் சேர்ந்தால் நல்ல பகுதியும் அடிபட்டுவிடும்.

*

நான் கடன் கொடுக்கும் பக்கம். எங்களிடமிருந்து கடிதம் போவது மிகக் குறைவு, அதுதான் எனக்கு வருத்தம். முன்பு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் வராத குத்தகைக் கடனை, ஆண்டு வாடகையை எட்டால் பெருக்கி நாங்களே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். குறிப்பெடுத்தவர் நிமிர்ந்து, “அந்த எட்டு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். வழக்கமாகச் செய்வதுதான், வேறு காரணம் தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.