நூறு வருட மார்பிள் தரை: முழுவதும் இழைத்துப் பாலிஷ் போடலாமா?

கேள்வி
வணக்கம். நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு பொது நூலகக் கட்டிடத்தின் பராமரிப்பு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. முன்கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாகப் பதித்த மார்பிள். சுவரோரம் இன்னும் பளபளப்பு இருக்கிறது, ஆட்கள் நடக்கும் பாதை மட்டும் மங்கிச் சொரசொரப்பாகிவிட்டது, வாசற்படி நடுவில் குழிவே விழுந்திருக்கிறது. ஒரு மூலையில் மஞ்சள் கறை, சில கற்களில் விரிசல். ஒப்பந்தக்காரர் மெஷினைப் போட்டு மொத்தமாக இழைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, மேலே ஒரு பூச்சும் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1
தயவுசெய்து இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் கழுவிப் பாருங்கள். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைச் சோப்பு, மென்மையான பிரஷ், அழுக்குத் தண்ணீரை உடனே உறிஞ்சி எடுக்க ஒரு வேக்குவம், அவ்வளவுதான். மங்கலில் பாதி பழைய மெழுகும் அதில் ஒட்டிய அழுக்குமாகக்கூட இருக்கலாம். மீதி உண்மையான தேய்மானம்: மார்பிளின் கடினத்தன்மை, பத்து வரை போகும் மோஸ் அளவில் 3, செருப்போடு வரும் மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 7, அப்புறம் கல் எப்படித் தாங்கும்?

கழுவிய பிறகும் தேவைப்பட்டால், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சதுரத்தில் மட்டும் சோதனை செய்யுங்கள். 400ஆம் எண் வைர பேடில் (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு, எண் கூடக் கூட நைசாகத் தேய்க்கும்) தண்ணீர் விட்டு ஆரம்பித்து 800, 1500 என்று போங்கள். 50, 100 எல்லாம் ஆழமான கீறலுக்குத்தான், அதில் போன கல் போனதுதான்.

கேட்டவர்
மிக்க நன்றி. படியின் குழிவு, மஞ்சள் கறை, பூச்சு, இவற்றை என்ன செய்வது?

பதில் 2
கால் இடறவில்லை என்றால் குழிவை விட்டுவிடுங்கள், அத்தனை வருடம் வந்து போனவர்களின் கால்தடம் அது. மஞ்சளுக்கு முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், கல்லுக்குள் இருக்கும் இரும்புச்சத்து ஈரம் பட்டுத் துருப்பிடித்தாலும் இப்படித்தான் மஞ்சளாகும். துரு எடுக்க அமிலம் கலந்த எதையும் ஊற்ற வேண்டாம், மார்பிள் கால்சியம் கார்பனேட், நுரைத்துக் கரைந்துவிடும். எண்ணெய்க் கறை என்றால் வெள்ளைக் களிமண்ணைக் கரைப்பானில் குழைத்துப் பத்துப் போட்டு, மேலே மூடி வைத்து, பிறகு காயவிட்டு எடுக்கலாம்.

பூச்சு வேண்டவே வேண்டாம். தரையடியிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கொண்டு வரும், மேலே அடைத்துவிட்டால் உப்பு உள்ளேயே படிந்து கல்லின் மேற்பரப்பு பொரிந்து உதிரும். விரிசலுக்கு நிறம் சேர்த்த ரெசின் போதும். கல்லையே மாற்ற வேண்டியிருந்தால் அலமாரிக்கு அடியில் இருப்பதை எடுத்து நடுவில் போட்டு, புதுக்கல்லை அலமாரிக்கு அடியில் வையுங்கள்.

பதில் 3
நான் வேலை பார்த்த இடத்தில் கழிவறை ஆசிட்டைக் கூடத்துக்கும் ஊற்றி ஒரே நாளில் பாதித் தரையை வெளுக்க வைத்தார்கள். அதனால் கழுவுகிறவர்களிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். கண்ணாடிப் பளபளப்பும் வேண்டாம், மழைநாளில் வழுக்கும், மேடுபள்ளமும் பளிச்சென்று தெரியும். வாசலில் நாலைந்து அடி எடுத்து வைக்கும் நீளத்துக்கு மிதியடி போட்டுத் தினமும் மணலைத் தட்டுங்கள்.

கேட்டவர்
நேற்று ஒரு சதுரம் கழுவிப் பார்த்தேன். தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. காய்ந்ததும் கறுப்புக் கல்லில் வெள்ளை நரம்புகள் தெரிகின்றன, இத்தனை நாள் அது வெறும் கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். இழைக்கும் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.