உள்ளங்கை அளவு சுவர்தான் பாக்கி இருந்தது

வீட்டு வேலைக்காக ஏணி, சாரம் என்று ஏறி விழுந்தவர்களும் விழப் பார்த்துத் தப்பியவர்களும் நடந்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

கூடத்துக்கு நானே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோட் முடியும் நேரம். மூலையில் உள்ளங்கை அளவு இடம்தான் பாக்கி. இறங்கி ஏணியை நகர்த்தியிருக்க வேண்டும், எட்டிவிடலாம் என்று உடம்பைச் சாய்த்தேன். டைல்ஸில் பெயிண்ட் சொட்டக் கூடாதென்று பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன் மேலேயே ஏணியை நிறுத்தியிருந்தேன். ஷீட்டோடு ஏணியின் கால் வழுக்கிவிட்டது. 2 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர முக்கால் நொடிகூட ஆகாது, எதைப் பிடிப்பது? மணிக்கட்டு முறிந்தது.

இப்போதெல்லாம் ஏணியின் ரப்பர் கால் வெறும் தரையில்தான் பதியும். ஏணி 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொட்டால், அடிப்பக்கம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கும். என் தொப்புள் ஏணியின் இரண்டு சட்டங்களுக்கும் வெளியே போகிறது என்றால் இறங்கிவிடுவேன்.

*

அண்ணா, கை சரியாகிவிட்டதா? எங்கள் வீட்டில் கூரை. ஒழுகும் இடத்தை அடைக்க மாமா சிமென்ட் ஷீட் மேல் ஏறினார். போல்ட் வரிசையில் மிதித்தால் கீழே சட்டம் தாங்கும் என்பது அவர் கணக்கு. அது கம்பி மேல் நடக்கிற மாதிரிதான். ஒரு அடி விலகியதும் ஷீட் உடைந்து மார்பு வரை உள்ளே போய்விட்டார். அக்குள் சட்டத்தில் மாட்டியதால் உயிர் தப்பினார். நான் கீழேதான் நின்றேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பழைய ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். முடிந்தால் உள்ளே சாரம் கட்டி அடியிலிருந்தே வேலை பாருங்கள்.

*

நான் விழவில்லை, மேஸ்திரி தடுத்துவிட்டார். 3 மீட்டர் உயரச் சாரத்தில், விழுந்தால் தாங்கும் பாதுகாப்பு பெல்ட்டை உடம்பில் மாட்டி, 2 மீட்டர் கயிற்றைக் காலடிக் கம்பியில் கட்டியிருந்தேன். "கயிறு இறுகுவதற்குள் தரை வந்துவிடும் தம்பி" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெல்ட்டின் கொக்கி முதுகில், காலடியிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். கயிறு இறுக அந்த ஒன்றரையும் கயிற்றின் இரண்டும் சேர்த்து மூன்றரை மீட்டர் விழ வேண்டும், சாரமோ மூன்று மீட்டர்தான். அப்புறம் தலைக்கு மேலே உறுதியான இடம் பார்த்து, கயிற்றையும் குட்டையாக்கிக் கட்டினோம். அதுவரை அவர் என்னை வேலை தொடவிடவில்லை.