ஃபெயில்சேஃப், சேனல் மிக்சிங்: என் பரிந்துரைகள்

வணக்கம். ட்ரோன் ரிமோட்டில் வரும் இரண்டு சொற்களுக்கு நீங்கள் முன்வைத்த தமிழ் இது:

> சேனல் மிக்சிங் = அலைவரிசைக் கலவை
> ஃபெயில்சேஃப் = பழுதுகாப்பு

ஐயா, இரண்டாவது சொல்லோடு எனக்குப் பிணக்கு கொஞ்சம்தான். முதல் சொல்லோடு நிறைய, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அலைவரிசை என்றதும் தொலைக்காட்சியும் பண்பலை வானொலியும்தான் நினைவுக்கு வரும். ட்ரோன் ரிமோட்டின் சேனல் அது இல்லை. பத்து சேனல் இருந்தாலும் எல்லாமே ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில்தான் போகின்றன. ஒவ்வொன்றும் வெறும் ஓர் எண்: ஏறத்தாழ 1000 முதல் 2000 மைக்ரோவினாடி வரை நீளும் துடிப்பு, நடுநிலை 1500. 'வாய்க்கால்' என்றார் ஒரு நண்பர். காதுக்கு இனிமைதான், ஆனால் "ஐந்தாம் வாய்க்காலில் சுவிட்சை வை" என்றால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். 'தடம்' போதும்.

கலவை என்றால் சிமெண்ட் கலவை மாதிரி ஒரு பொருள். இங்கே நடப்பது செயல், எனவே 'கலப்பு'. வால் இல்லாத இறக்கை விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும்) ஸ்டிக்கை இழுத்தால் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள இரண்டு மடிப்புகளும் சேர்ந்து உயர வேண்டும். அய்லரான் (பக்கவாட்டில் சாய்க்கும்) ஸ்டிக்கைத் தள்ளினால் ஒன்று ஏறி, மற்றது இறங்க வேண்டும். ஆக ஒவ்வொரு தடத்திலும் இரண்டு ஸ்டிக்குகளின் பங்கு கலக்கிறது: 'தடக்கலப்பு'.

நான்கு மோட்டார் ட்ரோனில் மோட்டார்களுக்கான கலப்பை ஃப்ளைட் கன்ட்ரோலரே (ட்ரோனுக்குள் இருக்கும் பறப்புக் கணினி) பார்த்துக்கொள்கிறது, ஸ்டிக்குகளை ரிமோட்டில் கலக்கக் கூடாது. ஆனாலும் சொல்லுக்கு அங்கேயும் வேலை உண்டு. அந்தக் கணினியில் ஓடும் ஆர்டுபைலட் என்ற மென்பொருள், வழக்கமாக ஐந்தாம் தடத்தின் அளவைப் பார்த்து ஆறு பறப்பு முறைகளில் ஒன்றைத் தேர்கிறது. 1230, 1360, 1490, 1620, 1749 என்பவை எல்லைகள். மூன்று நிலை சுவிட்ச் ஒன்றையும் இரண்டு நிலை சுவிட்ச் ஒன்றையும் அந்தத் தடத்தில் கலந்தால் ஆறும் கிடைத்துவிடும்.

அப்புறம் ஃபெயில்சேஃப், அதாவது ரிமோட்டின் சிக்னல் போனால் என்ன நடக்க வேண்டும் என்று முன்பே செய்துவைக்கும் அமைப்பு. ரயிலில் பிரேக் குழாய் உடைந்தால் காற்று வெளியேறி பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அதற்கு 'பழுதுகாப்பு' அருமையாகப் பொருந்தும், அங்கேயே வைத்துக்கொள்வோம். ட்ரோன் மரத்துக்குப் பின்னால் போய் சிக்னல் போனால் எதுவும் பழுதாகவில்லையே. தொடர்பு அறுந்தது, அவ்வளவுதான். அதோடு, 'காப்பு' பெரிய வாக்குறுதி. ரிமோட்டில் ஓடும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளின் மெனுவில் இதற்கு ஹோல்ட் என்றொரு தேர்வு இருக்கிறது: கடைசியாக வந்த அளவையே ட்ரோனில் உள்ள ரிசீவர் பிடித்துக்கொண்டிருக்கும். ஏறும்போது அறுந்தால் ஏறிக்கொண்டே போகும், தொடர்பு போனதே ஃப்ளைட் கன்ட்ரோலருக்குத் தெரியாது. இப்படி விட்டுவிட்டு ஒரு மாலை முழுவதும் தென்னந்தோப்பில் டார்ச் அடித்துத் தேடியவன் நான். அதைக் 'காப்பு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் 'அறுகாப்பு' என்று எழுதிப் பார்த்தேன். ஊறுகாய் போல வினைத்தொகை, சின்னச் சொல். அதிலும் காப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, காட்டிய இருவருமே ஆறு காப்பு என்று படித்தார்கள். எனவே 'தொடர்பறுநிலை': தொடர்பு அறும்போது ஒவ்வொரு தடமும் நிற்க வேண்டிய நிலை. நல்லதா கெட்டதா என்று சொல் தீர்ப்புச் சொல்லவில்லை. அது அமைப்பவர் பொறுப்பு.

மோட்டார் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை வைத்து வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "த்ராட்டில் தடத்தின் தொடர்பறுநிலையை 950இல் வை." ட்ரோனுக்கான ஆர்டுபைலட்டில், நாம் மாற்றாதவரை, எல்லை 975. த்ராட்டில் அதற்குக் கீழே போனால் தொடர்பு போய்விட்டதாகக் கொண்டு, நாம் சொல்லி வைத்தபடி வீடு திரும்பும் அல்லது இறங்கும். இங்கே ஒரு நுணுக்கம். தொடர்பறுநிலையாகப் பதிவாகும் அளவு ஸ்டிக்குடையது இல்லை, கலப்பெல்லாம் முடிந்து தடத்தில் வெளியே வருவது. புதியவர்கள் தடுமாறும் இடமே இதுதான். தடம், தடக்கலப்பு, தடத்தின் தொடர்பறுநிலை என்று ஒரே சொல் ஓடினால் விளக்குவது எளிது. (விசிறிகளைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துச் சோதிக்கச் சொல்லும் வரியையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.)

சொல் நீளம் என்பவர்களுக்கு: ஏழெழுத்துதான். 'ஃபெயில்சேஃப்' எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, ஹோல்டுக்கு 'உறைவு' சரிவருமா? அதே மெனுவில், துடிப்பையே நிறுத்திவிடும் நோ பல்சஸ் என்ற தேர்வுக்கு எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. 'துடிப்பின்மை' என்றால் மருத்துவமனை வாடை அடிக்கிறது.