ரெசிட்யூவல் பொறுப்பை விநியோகஸ்தர் ஏத்துக்க மாட்டேங்கிறார், என்ன செய்யலாம்?

முதல்பட தயாரிப்பாளர்:
வணக்கம். அமெரிக்காவுல 3 லட்சம் டாலருக்குள்ள ஒரு படம் முடிச்சிருக்கோம். சாக்-ஆஃப்ட்ராங்கிற நடிகர் யூனியனோட உறுப்பினர்கள்தான் நடிகர்கள், அந்த யூனியனோட அல்ட்ரா லோ பட்ஜெட் ஒப்பந்தம். ஒரு விநியோகஸ்தர் படத்தைக் கேட்கிறார். ஆனா ரெசிட்யூவல், அதாவது படம் கேபிள் மாதிரி வேற இடங்களுக்குப் போகும்போது நடிகர்களுக்குப் பின்னாடி கொடுக்க வேண்டிய தொகை, அந்தப் பொறுப்பை ஏத்துக்கிற அசம்ப்ஷன் அக்ரிமென்ட்ல மட்டும் கையெழுத்துப் போட மாட்டாராம், அது தயாரிப்பாளர் பாடாம். வேற யாரும் படத்தைக் கேட்கலை. சரின்னு போயிடலாமா?

கணக்கர்:
போகாதீங்க. சுயாதீனப் படங்களுக்கு புரொடக்‌ஷன் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவன் நான். இந்த ஒரு காகிதம் இல்லாம மாட்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன்.

தியேட்டர் வசூலுக்கு ரெசிட்யூவல் கிடையாது. கட்டண கேபிளுக்குப் போனா 3.6 சதவீதம். கேட்கச் சின்னதா இருக்கும். ஆனா அது கணக்காகிறது விநியோகஸ்தர் கைக்கு வர்ற மொத்தத் தொகையில, உங்க பங்குல இல்லை. கேபிள் உரிமை 1 லட்சம் டாலருக்குப் போச்சுன்னு வைங்க. கமிஷன், போஸ்டர், டிரெய்லர், திரைப்பட விழாச் செலவு எல்லாம் கழிச்சு உங்களுக்குப் பூஜ்யம்னு ஸ்டேட்மென்ட் வரும். நடிகர்களுக்குச் சேர வேண்டிய 3,600 டாலரும், அதுக்கு மேல வர்ற சம்பள வரியும் உங்க கம்பெனி பேர்ல நிக்கும். பணத்தைத் தொட்டவர் அவர், கடன்காரர் நீங்க.

இதுக்காக நடிகர்களை நொந்துக்காதீங்க. அவ்வளவு கம்மி சம்பளத்துக்கு அவங்க வந்ததுல இந்தப் பின்வரவுக்கும் பங்கு இருக்கு.

ஷூட்டிங்குக்கு முன்னாடி யூனியன் செக்யூரிட்டி அக்ரிமென்ட் வாங்கியிருக்கும், ஃபைலை எடுத்துப் பாருங்க. அதுப்படி படத்து மேல அவங்களுக்கு அடமான உரிமை உண்டு. காப்பிரைட் அலுவலகத்துல பதிவாகியிருந்தா, நாளைக்குப் படத்தை வாங்க வர்றவரோட வக்கீல் கண்ணுல அதுதான் முதல்ல படும்.

எடிட்டர்:
இதுக்குத்தான் யூனியன் பக்கமே போகாம எடுக்கணும்.

கணக்கர்:
அப்படின்னா அந்த நடிகர்களே கிடைக்க மாட்டாங்க. ஒப்பந்தம் போடாத தயாரிப்பாளர்கிட்ட உறுப்பினர் வேலை செய்யக் கூடாதுங்கிறது அவங்க குளோபல் ரூல் ஒன். 2023-ல இந்த யூனியன் 118 நாள் ஸ்ட்ரைக் நடத்தினப்போ, அவங்களோட இடைக்கால ஒப்பந்தம் போட்ட சுயாதீனப் படங்கள் ஷூட்டிங்கைத் தொடர முடிஞ்சது. நமக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

முதல்பட தயாரிப்பாளர்:
நன்றி அண்ணா. திரும்பப் பேசியும் அவர் மறுத்தா?

கணக்கர்:
படத்தோட ஆயுசுக்கும் தலையில விழும்னு நிறைய விநியோகஸ்தர்கள் பயப்படுறாங்க. அவர் வாங்குற உரிமை, ஏரியா, காலம், அதுக்கு மட்டும்தான் பொறுப்புன்னு விளக்குங்க. அப்பவும் முடியாதுன்னா, கமிஷன் எடுக்கிறதுக்கு முன்னாடியே ரெசிட்யூவலைப் பிடிச்சு நடிகர்களுக்குப் பணத்தைப் பட்டுவாடா பண்ற பேரோல் கம்பெனிக்கு நேரா அனுப்பணும்னு விநியோக ஒப்பந்தத்துலயே எழுத வைங்க. யூனியன்ல உங்க படத்தைக் கவனிச்சுக்கிற பிரதிநிதிகிட்ட அந்த வரைவைக் காட்டி சம்மதம் வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. நடிச்சவங்களோட ஃபைனல் காஸ்ட் லிஸ்ட்டை யூனியன்கிட்ட கொடுத்தாச்சா? கொடுக்கலைன்னா யூனியன்ல நீங்க கட்டின டெபாசிட்டும் அங்கேயே கிடக்கும்.