பாலியல் வன்கொடுமைக்காகச் சிறையில் இருப்பவர்கள் தம் செயலுக்குச் சொல்லும் காரணங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

குற்றவியல் மாணவி:
பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை பெற்றவர்கள் தம் செயலைப் பற்றியும், தம்மால் பாதிக்கப்பட்டவரைப் பற்றியும் என்ன சொல்கிறார்கள் என்பதை ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். அவர்கள் கூறும் காரணங்களை உண்மையான காரணங்களாகக் கொள்ளலாமா, அல்லது விடுதலையை எதிர்பார்த்துச் சொல்லும் சமாதானங்களாகவே கருத வேண்டுமா? வருந்துகிறேன் என்று சொல்பவரை எந்த அளவுக்கு நம்பலாம்?

சமூகவியலாளர்:
டயானா ஸ்கல்லி, ஜோசப் மரோலா ஆகியோரின் 1984ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிறைகளில் வல்லுறவுக் குற்றத்துக்காக அடைக்கப்பட்டிருந்த 114 ஆண்களை நேர்கண்ட அவர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களின் பேச்சையும், உறவு நடந்ததை ஏற்றுக்கொண்டு அது வல்லுறவே அல்ல என்று மறுத்தவர்களின் பேச்சையும் ஒப்பிட்டார்கள். மறுத்தவர்கள் பெண்ணின் மேல் பழி போட்டார்கள்: அவளே தூண்டினாள், வேண்டாம் என்று சொன்னாலும் உள்ளூர விரும்பினாள், அவள் நடத்தை முன்பே சரியில்லை. ஒப்புக்கொண்டவர்கள் செயல் தவறுதான் என்றார்கள். ஆனால் குடிபோதையையும் அப்போதிருந்த மன உளைச்சலையும் காரணம் காட்டி, இயல்பில் தாம் நல்லவர் என்று நிறுவ முயன்றார்கள். போதையை இரு சாராரும் பயன்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. ஒப்புக்கொண்டவருக்குத் தன் போதை தன் பொறுப்பைக் குறைக்கும் சாக்கு. மறுத்தவர்கள் பலருக்கோ அந்தப் பெண்ணின் போதை அவள் மீது பழி சொல்லும் ஆதாரம்.

இந்த வாதங்களைக் கைதிகள் சிறையில் உட்கார்ந்து புதிதாக உருவாக்கவில்லை. வெளியே பலரும் பேசுவதைத்தான் அவர்களும் எடுத்துப் பேசுகிறார்கள். ஆகவே அவர்களுடைய விளக்கத்திலிருந்து குற்றத்தின் காரணத்தைவிட, எந்தச் சமாதானம் கேட்பவரிடம் எடுபடும் என்று அவர்கள் நம்புகிறார்கள் என்பதே தெளிவாகத் தெரியவரும்.

வாசகர்:
சைக்ஸ், மட்சா இருவரும் 1957இல் இளங்குற்றவாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையையும் சேர்த்துப் படியுங்கள். பொறுப்பை மறுப்பது, தீங்கு நேர்ந்ததையே மறுப்பது, பாதிக்கப்பட்டவர் அதற்கு உரியவர்தான் என்பது போன்ற உத்திகளை அவர்கள் பெயரிட்டு விளக்கியுள்ளார்கள். குழந்தைகளிடம் அத்துமீறியவர்களின் பேச்சில் இரண்டாவது உத்தி அடிக்கடி தலைகாட்டும்: குழந்தை எதிர்க்கவில்லை, அதனால் அதற்குத் துன்பம் எதுவும் இல்லை என்பார்கள். எதிர்க்க இயலாத நிலையைச் சம்மதமாகக் காட்டும் இந்த வாதத்தைப் படிக்கும்போதே எனக்குக் கசக்கிறது.

சிறை உளவியலில் பணியாற்றியவர்:
வருத்தத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கைதி எந்த அளவுக்கு உருகிப் பேசுகிறாரோ அந்த அளவுக்கு அவர் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு குறைவு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஹான்சனும் மோர்டன்-பூர்கானும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட பகுப்பாய்வில், குற்றத்தை மறுப்பதற்கோ பாதிக்கப்பட்டவர் மீது இரக்கம் இல்லாமைக்கோ மறுகுற்றத்தோடு குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்காக நடந்த முதன்மைச் சிகிச்சைத் திட்டத்தில், பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கும் பயிற்சியும் இருந்தது. 2017இல் வெளியான மதிப்பீட்டின்படி, சிகிச்சை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 8 விழுக்காட்டினரும் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். அந்தப் பயிற்சியே தீங்கு செய்தது என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. எனினும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

மேல்முறையீடு நிலுவையில் உள்ளவருக்கு மறுப்பதில் ஆதாயம் உண்டு. பரோலை எதிர்நோக்கியிருப்பவருக்கு வருந்துவதில் ஆதாயம் உண்டு. நேர்காணல் செய்வதானால் முதலில் வழக்கு ஆவணங்களைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். ஸ்கல்லியும் மரோலாவும் கைதிகளின் கூற்றுகளைச் சிறைப் பதிவுகளோடு ஒப்பிட்டே பயன்படுத்தினார்கள்.

குற்றவியல் மாணவி:
மிக்க நன்றி. நேர்காணலுக்கு முன் தீர்ப்புகளைப் படிக்க வழிகாட்டியிடம் அனுமதி கேட்கிறேன்.