அதிகாலைத் தேநீருக்குப் பதிலாக அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம்?

வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலம், பீடோங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 56, உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) உண்டு.

காலை 5 மணிக்கு வெறும் வயிற்றில் டின் பால் ஊற்றிய தேநீர் ஒரு மக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். தீபாவளிக்கு அப்புறம் அது ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் வயிறு உப்புகிறது, புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல். குனிந்தால் தொண்டை வரை புளிப்பு ஏறுகிறது. ஒரு கையில் வாளி, மறு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

டின் பாலை நிறுத்தினோம். உப்புசம் நன்றாகக் குறைந்தது. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்கவில்லை போலிருக்கிறது. எரிச்சல் மட்டும் போகவில்லை. கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) இன்னும் மோசம். காஃபின் உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்துவதால் அமிலம் மேலே வரும் என்று கிளினிக் டாக்டர் விளக்கினார். புதினாவும் அப்படித்தானாம், அதையும் விட்டோம். அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்பிரசோல் மாத்திரை சாப்பிடும்வரை சரி, நிறுத்தினால் திரும்ப வருகிறது. வெந்நீர் ஒத்துக்கொள்கிறது, ஆனால் தெம்பில்லை என்கிறார்.

எடை குறையவில்லை, கறுப்பு மலம் இல்லை. கேமரா விட்டுப் பார்க்க மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அதுவரை பால், காஃபின், சீனி மூன்றும் இல்லாமல், அதிகாலையில் சூடாகக் குடித்துவிட்டு வேலைக்குப் போக உங்கள் வீட்டில் யாருக்காவது எது ஒத்துவந்தது?